முதல் அடி இல்லாத டேப்

சங்கரன்கோவிலில் திருவேங்கடம் சாலைக்குப் பின்னால், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், வேல்ராஜ் வீட்டு மாடி அறையின் நீளம் பன்னிரண்டு அடியாக இருந்தது. 2023 ஆனி மாதம் ஒரு புதன்கிழமை இரவோடு அது பதினோரு அடியானது. அடுத்த பங்குனியில் ஆறு அடிக்கு வந்து நின்றது. இடையில் எந்தச் சுவரையும் யாரும் நகர்த்தவில்லை. தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே வீடுதான். வெளிச்சுவரை அளந்தால் முன்பிருந்த அளவே வரும். உள்ளேதான் ஆறு அடியைக் காணோம். வீட்டு வரிக்காக அளக்க வந்தவர் வெளியே ஓர் எண்ணும் உள்ளே ஓர் எண்ணும் எழுதிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்து, பெரிய எண்ணுக்கு வரி போட்டுவிட்டுப் போனார்.

வேல்ராஜ் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர். அவன் மனைவி சங்கரேஸ்வரி வேதியியல் படித்தவள். கல்யாணமாகி ஏழு வருடம். அவள் அதிகம் பேச மாட்டாள். கண்டக்டர் அவள் இறங்க வேண்டிய இடத்தில் விசில் ஊத மறந்தால், நிறுத்தச் சொல்லிக் கேட்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள். ஆனால் மாடி ஏறி அந்த அறைக்குள் போய்விட்டால் அவளுக்குக் குரல் வந்துவிடும். அங்கே தினமும் சாயங்காலம் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படிக்கிற பதினான்கு பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தாள். அவள் குரல் அப்போது எதிர்வீட்டுத் தறியையும் மீறிக் கேட்கும். அறையின் வடக்குச் சுவரில் தனிம வரிசை அட்டவணை இருந்தது. வாசல் பக்கம் மூன்றடி விட்டு, கிழக்கு மூலை வரை ஒன்பது அடிக்கு, பதினெட்டுத் தொகுதிகளும் ஒவ்வொன்றும் அரை அடி அகலமாக எனாமல் பெயிண்டில் அவளே வரைந்தது. இரண்டு கோடை விடுமுறை ஆயிற்று. அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் வேறு இடம் கிடையாது. அவளும் வேறு கேட்டதில்லை.

அறையைச் சரி பண்ணலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். கூரை ஒழுகியது, தரை பெயர்ந்திருந்தது, கிழக்கு ஜன்னல் ஒரு ஆள் தலை நீட்டுகிற அளவுக்குத்தான் இருந்தது. ஜன்னலைப் பெரிதாக்கி, டைல்ஸ் போட்டு, ஒரு அலமாரியும் வைத்தால் இன்னும் ஆறு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவள் எண்ணம். வேல்ராஜ் உடனே ஒத்துக்கொண்டான். அவன் காரணம் வேறு. சங்கத்தில் செயலாளர் பதவி இரண்டு முறை அவனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் போயிருந்தது. மனையடி சாஸ்திரம் பார்க்கிற ஒருவர், வீட்டில் பன்னிரண்டு அடி நீளத்தில் அறை இருந்தால் கைக்கு வருவது நழுவும் என்று சொல்லியிருந்தார். பதினொன்று இருக்கலாம், பத்து இருக்கலாம், எட்டும் ஆறும் இருக்கலாம். பன்னிரண்டும் ஒன்பதும் ஏழும் ஆகாது. உள்ளே அரைக்கல் சுவர் ஒன்று எழுப்பி நீளத்தைக் குறைத்துவிட வேண்டும் என்று அவன் மனதுக்குள் முடிவு செய்திருந்தான். அவளிடம் சொல்லவில்லை.

வேலையை எடுத்தவர் காசிராஜன் என்ற காண்டிராக்டர், புளியங்குடிக்காரர். அவரோடு வந்தவர் மூக்காண்டி, பனவடலிசத்திரத்துக் கொத்தனார். இருவரும் முப்பது வருடமாகச் சேர்ந்து வீடு கட்டுகிறவர்கள். மூக்காண்டியின் டேப்பில் முதல் அடி கிடையாது. எந்தக் காலத்திலோ கலவை மிஷினில் மாட்டி அறுந்து போயிற்று. அன்றிலிருந்து அவர் ஒன்று என்று போட்டிருக்கும் கோட்டைச் சுவரில் வைத்து இழுத்து, வருகிற எண்ணில் ஒன்றைக் கழித்துச் சொல்வார். ஒருநாளும் பிசகியதில்லை. டேப் அறுந்தது காசிராஜனுக்கும் தெரியும். மூக்காண்டி கழிக்க மறந்திருப்பார் என்று அவருக்கு ஓர் எண்ணம். அதனால் தன் பங்குக்கு அவரும் ஒன்றைக் கழித்து எழுதிக்கொள்வார். இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. கேட்டால் ஒருவர் மற்றவருடைய வேலையைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். அவர்கள் கட்டிய வீடுகளில் டைல்ஸ் பற்றாமல் போவதும், கதவு நிலைக்கு வெளியே நிற்பதும் இதனால்தான். மற்ற வீடுகளில் அளவு தப்பாயிற்று, அவ்வளவுதான். இந்த வீட்டில் அறை எழுதிய அளவுக்குக் கட்டுப்பட்டுவிட்டது. மற்ற வீட்டுக்காரர்கள் யாரும் வேல்ராஜ் அளவுக்கு மனப்பூர்வமாக நம்பாதது காரணமாக இருக்கலாம்.

முதல் நாள் மூக்காண்டி டேப்பை இழுத்துப் பிடித்தார். காசிராஜன் சுவரோரம் நின்றார்.

"எம்புட்டு வே?"

"பன்னெண்டு."

காசிராஜன் கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்துச் சுவரில் 11 என்று எழுதினார். வேல்ராஜின் முகம் தெளிந்தது. சுவர் எழுப்பும் வேலை மிச்சம்.

மூக்காண்டி எழுதியதைப் பார்க்காமலே டேப்பைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிய பிறகு, சங்கரேஸ்வரி வாசலில் நின்றபடி, பன்னிரண்டு என்றுதானே சொன்னார் என்று மெதுவாகக் கேட்டாள். காசிராஜன் சிரித்தார்.

"இந்த டேப்புல முதல் அடி கிடையாது டீச்சர். அதக் கழிக்கணும்லா."

"அவுகளுக்குத் தெரியாததையா நீ சொல்லிறப் போற?" என்றான் வேல்ராஜ். "சும்ம இருட்டி."

அன்று பிள்ளைகள் போன பிறகு அவள் கல்லூரியில் வாங்கிய மீட்டர் அளவுகோலை வைத்து அளந்தாள். பன்னிரண்டு அடி இருந்தது. மறுநாள் காலையில் அளந்தாள். பதினொன்று இருந்தது. வெளியே இறங்கிப் போய் வெளிச்சுவரை அளந்தாள், மாற்றமில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சுவரின் கனத்தைப் பார்த்தாள், அதே ஒன்பது அங்குலம். அட்டவணையின் கடைசி இரண்டு தொகுதிகள் இல்லை. ஹீலியம், நியான், ஆர்கான் எல்லாம் போயிருந்தன. அடுத்த தொகுதியில் புளூரினும் குளோரினும் போயிருந்தன. சாயங்காலம் முத்துமணி என்ற பத்தாம் வகுப்புப் பிள்ளை சாதாரண உப்பின் பாடத்தில், டீச்சர், குளோரின் எங்கே என்று கேட்டாள். சோடியம் மட்டும் சுவரில் இருந்தது. இரண்டு பிள்ளைகள் இடமில்லாமல் படியில் உட்கார்ந்தார்கள்.

அவள் வேல்ராஜைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவன் நீளத்தைக் காலால் அடியடியாக எட்டு வைத்துப் பார்த்தான்.

"பதினொண்ணுன்னு சொன்னாக. பதினொண்ணு இருக்கு. இதுல நீ என்ன குத்தம் கண்டே?"

யோசித்துப் பார்த்தால் இன்றைக்கும் அதற்குப் பதில் கிடையாது.

ஆனி முடிவதற்குள் ஆட்கள் ஜன்னலை உடைத்தார்கள், தரையைக் கொத்தினார்கள், அதன் பிறகு வரவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே கூடிவிட்டது, வண்டி உள்ளே வராது என்றார் காசிராஜன். தபசு முடிந்தது. பனவடலிசத்திரத்தில் கோயில் கொடை, மூக்காண்டி நகர முடியாது என்றார். கொடை முடிந்தது. மணல் இல்லை, மணல் வந்தால் சிமெண்டு இல்லை, இரண்டும் இருந்தால் கம்பி வளைக்கிற ஆளுக்குக் காய்ச்சல். போன் பண்ணினால், புறப்பட்டாச்சு தம்பி, சேர்ந்தமரத்தைத் தாண்டிட்டேன் என்பார். பின்னால் சிவகிரிப் பக்கத்து வேறொரு வீட்டின் கலவை மிஷின் ஓடுவது கேட்கும். எழுபத்திமூன்று நாள் ஜன்னல் இருந்த இடத்தில் சிமெண்டுச் சாக்குகள் தைத்துத் தொங்கின. பிள்ளைகள் கொத்திய தரையில் கோணி விரித்து உட்கார்ந்து படித்தார்கள். சங்கரேஸ்வரி தினமும் இரண்டு வேளை பெருக்கினாள். வேல்ராஜ் காசிராஜனைத் திட்டுவதெல்லாம் அவளிடம்தான். காசிராஜன் போனை எடுத்துவிட்டால், சரி அண்ணாச்சி, ஒண்ணும் அவசரமில்ல அண்ணாச்சி என்பான்.

புரட்டாசியில் டைல்ஸுக்கு அளக்க வந்தார்கள். பதினொன்று என்றார் மூக்காண்டி. 10 என்று எழுதினார் காசிராஜன். மறுநாள் ஆக்சிஜனும் நைட்ரஜனும் இருந்த தொகுதிகள் போயின. அன்றிலிருந்து, கரண்ட் போகும்போது அந்த அறையில் விளக்கு ஏற்றினால் கொஞ்சம் மங்கலாகவே எரிந்தது. வேல்ராஜ் திரியைக் குறை சொன்னான். பத்து அடிக்கென்று வந்த டைல்ஸ் பத்து அடிக்குச் சரியாக இருந்தது. முப்பது வருடத்தில் டைல்ஸ் சரியாக அமைந்த முதல் வீடு இதுதான் என்று மூக்காண்டி சுவரைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். கார்த்திகையில் அலமாரிக்கு அளந்தார்கள். பத்து என்றார். 9 என்று எழுதினார். கார்பனும் சிலிக்கனும் போயின. அலுமினியம் போயிற்று. அட்டவணையில் மிச்சமிருந்ததை வைத்து உயிருள்ள எதையும் செய்ய முடியாது என்பதைச் சங்கரேஸ்வரி கவனித்தாள். பிள்ளைகள் எட்டுப் பேர் இருந்தார்கள்.

ஆனால் ஒன்பது என்ற எண் வேல்ராஜைத்தான் பிடித்து ஆட்டியது. ஒன்பது பீடை. சோறு இறங்கவில்லை. உடனே ஆள் வரச்சொல்லி இன்னொரு முறை அளந்தால் எட்டாகிவிடும், எட்டு நல்லது என்று கணக்குப் போட்டான். அறை எப்படிக் குறைகிறது என்பதை அதற்குள் அவனும் புரிந்துகொண்டிருந்தான். ஆச்சரியப்படவில்லை. காசிராஜன் கைராசிக்காரர் என்று சங்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அன்றைக்குச் சங்கரேஸ்வரி பேசினாள். ஏழு வருடத்தில் கீழ் வீட்டில் வைத்து அவள் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

"ஒம்பது ஆகாதுன்னா எனக்கு ஆகாமப் போகட்டும். எட்டுப் பிள்ளைக உக்காரலாம். இனிம அங்கன டேப்பு போட விடாதீங்க. நான் ஒங்ககிட்ட வேற ஒண்ணும் கேக்கல. இது ஒண்ணுதான்."

வேல்ராஜ் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஒம் பிள்ளைகளுக்கு உக்கார எடம் வேணும். நான் எத்தன வருசம் அதே ஸ்டூல்ல உக்காந்திருக்கது? அதச் சொல்லு."

அவள் எதிரிலேயே காசிராஜனுக்குப் போன் போட்டான். இந்த முறை காசிராஜன் முதல் மணியிலேயே எடுத்தார்.

மறுநாள் அவள் தனியாகக் கிளம்பி நியாஸ் அகமதுவின் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கடையில் ஆண்கள் நின்றார்கள். கூட்டம் குறையும் வரை அரை மணி நேரம் பஸ் ஸ்டாப்பில் நிற்பவள் போல எதிர்ப்பக்கம் நின்றுவிட்டு, உள்ளே போய் ஒரு புது ஸ்டீல் டேப் வாங்கினாள். அவள் யோசனை எளிமையானது. புது டேப்பில் முதல் அடி இருக்கிறது. மூக்காண்டி கழிக்க வேண்டியதில்லை. காசிராஜனும் கழிக்க வேண்டியதில்லை. ஒன்பது ஒன்பதாகவே நிற்கும்.

மூக்காண்டி அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். முப்பது வருடத்தில் எந்த வீட்டுக்காரரும் தனக்கு ஒரு சாமான் வாங்கிக் கொடுத்ததில்லை என்றார். டேப்பின் நுனியைச் சுவரில் வைத்து இழுத்தார். நாடா ஒன்பதில் நின்றது. சங்கரேஸ்வரி அருகில் நின்று அந்த எண்ணைப் பார்த்தாள்.

"எட்டு," என்றார் மூக்காண்டி.

காசிராஜன் 7 என்று எழுதினார்.

"அண்ணாச்சி, இது புது டேப்பு," என்றாள் அவள். அது அவளுடைய அறை, குரல் உயர்ந்தே வந்தது. "கழிக்கக் கூடாது."

மூக்காண்டி கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். நுனியைப் பார்த்தார். பிறகு காசிராஜன் எழுதியதைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

"வாயி பழகிட்டு தாயி," என்றார். பிறகு காசிராஜனிடம் திரும்பி, "நீரும் கழிக்கீரா வே? எம்புட்டு வருசமா?"

காசிராஜன் செங்கல் துண்டைக் கீழே போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். எழுதினது எழுதினதுதான் என்றார்.

மூக்காண்டி அன்று மதியச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. இரண்டு டேப்புகளையும் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, பஸ் ஏறிப் பனவடலிசத்திரத்துக்குப் போனவர், அதன் பிறகு கொத்துக் கரண்டியைத் தொடவில்லை. இப்போது ஆடு மேய்க்கிறார். மந்தையில் எத்தனை உருப்படி என்று கேட்டால், எண்ணிச் சொல்ல மாட்டேன் என்பாராம்.

சங்கரேஸ்வரி அன்று சாயங்காலம் ஈரத்துணியால் சுவரிலிருந்த ஏழை அழித்துவிட்டு, செங்கல் துண்டால் ஒன்பது என்று எழுதினாள். தெளிவாக, பெரிதாக, பிள்ளைகளுக்கு எழுதுவது போல எழுதினாள். அறை அதை ஏற்கவில்லை. காலையில் ஏழு அடிதான் இருந்தது. ஒரே இரவில் நான்கு தொகுதிகள் போயிருந்தன. துத்தநாகம், செம்பு, வெள்ளி, தங்கம், நிக்கல், கோபால்ட். அவள் எழுதிய ஒன்பது மட்டும் அழியாமல் இருந்தது.

ஏழு தரித்திரம். வேல்ராஜ் அதைத் தாங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தை, மாசி இரண்டு மாதமும் காசிராஜன் வராமல் இழுத்தடித்தபோது அவள் முதல்முறையாக அவருடைய பொய்களுக்காகச் சந்தோஷப்பட்டாள். பங்குனியில் வந்துவிட்டார். கொத்தனார் இல்லை. வேல்ராஜே மூக்காண்டியின் பழைய டேப்பை எடுத்து விரித்தான். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. வாசலில் நின்ற மனைவியைக் கூப்பிட்டான்.

"இதப் பிடி."

அவள் பிடித்தாள். ஒன்று என்ற கோட்டைச் சுவரில் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். ஏன் பிடித்தோம் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறாள். ஏழு வருடமாக அந்த வீட்டில் அவன் எதைப் பிடிக்கச் சொன்னாலும் பிடித்திருக்கிறாள், வேறு காரணம் கிடைக்கவில்லை. வேல்ராஜ் தன் பக்கத்து எண்ணைப் படித்து, ஒன்றைக் கழித்து, ஏழு என்றான். காசிராஜன் 6 என்று எழுதினார். இரும்பும் மாங்கனீசும் போயின.

ஆறு அடியான பதினெட்டாம் நாள் வேல்ராஜுக்குச் செயலாளர் பதவி வந்தது. அவன் சங்கத்திலிருந்து வந்த காகிதத்தை அந்த அறைக்குள் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். அதற்குள் அது சாமி அறையாக ஆகியிருந்தது. மீதமிருந்த நான்கு பிள்ளைகளையும் அவர்கள் வீட்டில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டியூஷன் சென்டரில் சேர்த்துவிட்டார்கள். போகும்போது முத்துமணியின் அம்மா, குறை ஒன்றும் இல்லை, அங்கே ஃபேன் இரண்டு இருக்கிறது என்று சொன்னாள். அலமாரியில் விளக்கெண்ணெய், கற்பூரம், பஞ்சாங்கம். சுவரில் ஹைட்ரஜனிலிருந்து குரோமியம் வரை ஆறு தொகுதிகள். அவற்றின் மேல் இரண்டு ஆணி அடித்து வேல்ராஜ் நாட்காட்டி மாட்டினான். சங்கரேஸ்வரிக்கு இப்போது அந்த அறைக்குள் போனாலும் குரல் வருவதில்லை. பாலைப் பொங்கவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று வேல்ராஜ் ஒருநாள் அலுத்துக்கொண்டான்.

பொருள் அழிவதில்லை, இடம் மாறும் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். ஆறு அடி நீளமும் பத்து அடி அகலமும் உள்ள ஓர் இடம், தரையோடும் சுவரோடும் பன்னிரண்டு தொகுதிகளோடும், எங்காவது இருந்தாக வேண்டும். சித்திரையில் ஒரு நாள் வேல்ராஜ் சங்கத்துக்குப் போன பிறகு, ஜன்னலுக்கு இன்னும் கதவு போடவில்லை என்று கேட்கும் சாக்கில் புளியங்குடிக்குப் பஸ் ஏறினாள். எலுமிச்சைச் சந்தை தாண்டி இறங்கி, காண்டிராக்டர் காசிராஜன் வீடு எது என்று இரண்டு பேரிடம் கேட்டாள். இரண்டு பேரிடம் வழி கேட்டது அவளுக்கே பெரிய விஷயம்.

கதவைத் திறந்தவள் காசிராஜனின் மனைவி மாடத்தி. வந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாங்க டீச்சர் என்றாள். டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று சங்கரேஸ்வரி கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே கூடத்தின் கடைசியில் அவளுடைய ஆறு அடி இருந்தது. ஓரடிக்குச் சிவப்புச் சிமெண்டுத் தரை, அடுத்த ஓரடிக்குக் கொத்திப் போட்ட தரை, மீதி நான்கடிக்கு அவள் தேர்ந்தெடுத்த வெளிர்நீல டைல்ஸ். சுவரில் மாங்கனீசிலிருந்து ஹீலியம் வரை, எனாமல் பெயிண்டில், அவளுடைய கையெழுத்தில்.

மாடத்தி மோர் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் கூடம் முதலில் பதினோரு அடி. ஆனி மாதம் ஒரு நாள் விடிந்து பார்த்தால் பன்னிரண்டு. அவள் பயந்து போய்ப் புருஷனிடம் சொன்னாள், வந்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றுவிட்டார். கார்த்திகையில் பதினான்கு, அதுவும் ஆகாத அளவு. பிறகு ஒரே ராத்திரியில் இரண்டடி வந்து பதினாறு.

"இப்பம் பதினேழு. ராசா அளவாம். இதுக்கு மேல நமக்கு வேண்டாம்னுட்டாரு," என்றாள் மாடத்தி. "அந்தக் கொத்துன தரைதான் டீச்சர் உசுர வாங்குது. எம்புட்டுப் பெருக்குனாலும் தூசி."

எழுதுகிறவர் வேண்டாம் என்று நினைத்ததால்தான் தன் அறை ஆறில் நின்றது என்று சங்கரேஸ்வரிக்கு அப்போது விளங்கியது. வேல்ராஜுக்கு ஆறு நல்ல அளவு, காசிராஜனுக்குப் பதினேழு நல்ல அளவு. யாருக்கும் குறை இல்லாமல் கணக்கு முடிந்திருந்தது.

காசிராஜன் மதியம் வந்தார். வெட்கப்படவில்லை, கோபப்படவுமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நான் கேட்டா வாங்குனேன் டீச்சர்? அதுவா வந்துச்சு."

திருப்பிக் கொடுங்கள் என்றாள் அவள், காதில் விழாத அளவுக்கு. எப்படி என்று அவர் கேட்டார். கூட்டி எழுதினால் திரும்பிவிடும் என்றாள். அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"கழிச்சுத்தான் பழக்கம். கூட்டுறதுக்குக் கை வராதே," என்றார். பிறகு பெருந்தன்மையாக ஒரு வழி சொன்னார். "இங்கன வந்து பாடம் எடுங்க. இந்த ஊர்லயும் பிள்ளைக உண்டும். வாடக ஒண்ணும் வேண்டாம்."

சங்கரேஸ்வரி எழுந்தாள். இரண்டடி எடுத்து வைத்துச் சிவப்புத் தரைக்குப் போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"என் அறைக்கு எனக்கே வாடகையா அண்ணாச்சி?"

பக்கத்து வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காசிராஜன் தன்னை அறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். முப்பது வருடத்தில் எந்த வீட்டுக்காரரும் அவரை அப்படி எழுந்து நிற்க வைத்ததில்லை. கையில் வைத்திருந்த மோர்ச் செம்பை மாடத்தி மெதுவாகக் கீழே வைத்தாள். தன் குரல் அந்தச் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டுக்கொண்டு சங்கரேஸ்வரி சிறிது நேரம் அங்கேயே நின்றாள்.

வைகாசியில் பாடம் தொடங்கியது. தினமும் நான்கு மணிப் பஸ்ஸில் போய் எட்டு மணிக்குத் திரும்பினாள். வேல்ராஜிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவன் முழுவதும் கேட்டான். நம்பாமல் இல்லை. திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான், அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு அதைப் பொறுத்தது. பிள்ளைகள் முதலில் மூன்று பேர், ஆவணியில் எட்டுப் பேர், கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தால் ஒன்பது. ஐப்பசியில் மழை பிடித்து ஒரு நாள் பஸ் வரவில்லை. மாடத்தி சிவப்புத் தரைக்கு இந்தப் பக்கம் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிப் பாய் விரித்துக் கொடுத்தாள். சங்கரேஸ்வரி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். அது அடிக்கவில்லை. மறுநாள் மழை இல்லை, பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அதற்கும் மறுநாள் வேல்ராஜ் போன் செய்து, சாமி அறை அலமாரிச் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டான். இடத்தைச் சொன்னாள். அவன் சரி என்றான்.

அதன் பிறகு அவள் சங்கரன்கோவிலுக்குத் திரும்பிப் போகவில்லை. சேலைத் திரையின் இடத்தில் காசிராஜன் ஒரு பிளைவுட் தடுப்பு வைத்தார். அதை அளக்காமல், கண் மதிப்பில் வைக்கச் சொன்னாள் சங்கரேஸ்வரி. அப்படியே வைத்தார். கொத்திய தரையை அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமெண்டு குழைத்துப் பூசினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் காசிராஜன் வீட்டார் டி.வி.யைச் சத்தம் குறைத்தே வைக்கிறார்கள். கட்டுமான வேலைகளுக்கு ஆள் பார்க்க வருகிறவர்கள் உள்ளிருந்து வருகிற குரலைக் கேட்டு யாரென்று கேட்டால், டீச்சர், அவுக அறையில பாடம் எடுக்காக என்று மாடத்தி சொல்லுவாள். யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

சங்கரன்கோவிலில் தெருக்காரர்கள் ஒன்றிரண்டு மாதம் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். கல்யாண வீடுகளில் செயலாளர் வேல்ராஜிடம் வீட்டில் எங்கே என்று யாராவது விசாரித்தால் அவன் தடுமாறுவதில்லை. மாடி அறையில் இருக்கிறாள் என்கிறான். அது பொய் இல்லை. அவன் தினமும் காலையில் அதே அறையில்தான் விளக்கு ஏற்றுகிறான். அவன் மேற்குப் பாதியில் இருக்கிறான், அவள் கிழக்குப் பாதியில் இருக்கிறாள். நடுவில் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.